கூட யாராவது இருப்பாங்கல்ல

கையை விடுங்க. முதல்ல கையை விடுங்க, அப்புறம் பேசலாம். சீட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் பாட்டுக்குக் கம்பியைத் தடவிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன். நீங்க பின்னாடி இருந்து தோளைப் பிடிச்சு, அரிசி மூட்டையை நகட்டுற மாதிரி நகட்டி உக்கார வச்சிட்டீங்க. உதவின்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க, தெரியும். எல்லாரும் உதவின்னு நெனச்சுத்தான் செய்றாங்க. ரோட்டைத் தாண்டாம சும்மா நின்னாக்கூட இழுத்துக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டுட்டுப் புண்ணியம் கட்டிக்கிட்டுப் போயிடுறாங்க. திரும்பி இந்தப் பக்கம் வர்றது என் பாடு.

கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிட்டுப் போகணும்னா, நீங்க உங்க முழங்கையைக் குடுக்கணும். அவங்க பிடிச்சுக்குவாங்க. நீங்க அவங்களைப் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு கோர்ஸும் வேண்டாம்.

டீச்சரா? அதான பாத்தேன். பிடிச்ச பிடியிலயே தெரிஞ்சுது. சரி, கோவிச்சுக்காதீங்க டீச்சர், உக்காருங்க. எம் பேரு பிரம்மசக்தி. மதுரையில இருக்கேன், கோவில்பட்டியில எங்கக்கா வீட்டுக்குப் போறேன். ஸ்டாப் வந்தா நீங்க சொல்ல வேண்டாம். விருதுநகர் தாண்டினதும் தெரியும், சாத்தூர்ல வெள்ளரிக்கா விக்கிறவங்க சத்தத்துலயே தெரியும், கோவில்பட்டிக்குள்ள நுழையும்போது கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுற வாசம் ஜன்னல் வழியா வரும். கேட்டு எறங்குற பழக்கம் எனக்குக் கெடையாது.

என்ன வேலைன்னா கேக்குறீங்க. கூடை பின்றேன்னு நெனச்சீங்களா? ஊதுபத்தி உருட்டுறேன்னு? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. நான் வெப்சைட் டெஸ்ட் பண்றவ, டீச்சர். கண்ணு தெரியாதவங்க போன்லயும் கம்ப்யூட்டர்லயும் எங்களுக்குன்னு ஒரு குரல் இருக்கு. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கோ அதை அது வாசிச்சுச் சொல்லும், நாங்க கேட்டுக் கேட்டுப் போவோம். ஆனா அது வாசிக்கிற மாதிரி வெப்சைட்டைச் செஞ்சு வைக்கணும்ல? எவன் செய்றான். ஒரு பட்டன் மேல போனா "பட்டன்"னு சொல்லும். அடுத்ததும் "பட்டன்". அதுக்கடுத்ததும் "பட்டன்". எதுக்கு உள்ள பட்டன்? பணம் கட்டுறதா, பணத்தைத் திருப்பி வாங்குறதா, எல்லாத்தையும் அழிக்கிறதா? அது அந்தப் படம் போட்டவனுக்குத்தான் வெளிச்சம். இதையெல்லாம் கண்டுபிடிச்சுச் சொல்லி அவனுங்களைத் திருத்துறதுதான் என் வேலை. சென்னையில ஒரு கம்பெனி, நான் வீட்டுல இருந்தே பாக்குறேன்.

ஆமா, பாக்குறேன்னுதான் சொல்லுவேன். டிவி பாத்தேன்னு சொல்லுவேன், உங்களைப் பாத்ததுல சந்தோஷம்னும் சொல்லுவேன். நீங்க சங்கடப்படாதீங்க.

பெருமைக்குச் சொல்லல, இந்த வேலையில என்னை மாதிரி ஆள் கெடையாது. அந்தக் குரல் பேசுற வேகம்னு ஒண்ணு இருக்கு, கூட்டலாம் குறைக்கலாம். நான் வச்சிருக்கிற வேகத்தை நீங்க கேட்டா ஒரு வார்த்தை பிடிபடாது. வெட்டுக்கிளி கத்துற மாதிரிதான் இருக்கும். எங்க ஸ்கூல்ல படிக்கும்போதே எங்களுக்குள்ள போட்டி, யாரு எவ்வளவு வேகத்துல கேக்குறாங்கன்னு. உங்க ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் வைக்கிறீங்கல்ல, அந்த மாதிரி. மெதுவாக் கேக்குறவளை நாங்க கட்டைவண்டின்னு கூப்பிடுவோம். அவ அழுவா. அழட்டும்னு விட்டுருவோம். அழுதுட்டு வந்து வேகமாக் கேக்கக் கத்துக்குவா. அப்படி வளந்தவ நான்.

சரி, எதுக்கு இதைச் சொல்ல வந்தேன். ஆங், ஆஸ்பத்திரி. கண் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம், நீங்களே போயிருப்பீங்க. போன வருஷம் அவங்க புதுசா ஒரு வெப்சைட் செஞ்சாங்க. டோக்கன் போட, டாக்டரைப் பாக்க நேரம் வாங்க, எல்லாம் அதுலதான். அதை டெஸ்ட் பண்ண எங்க கம்பெனியைக் கூப்பிட்டாங்க. நானே நேர்ல போனேன்.

தெறந்து பாக்குறேன். ஒண்ணும் பேச மாட்டேங்குது. "படம். படம். பட்டன். படம்." ஒரு கண் ஆஸ்பத்திரி, டீச்சர். உலகத்துல எந்தக் கடைக்கும் நாங்க வர மாட்டோம்னு வச்சுக்கோங்க, கண் ஆஸ்பத்திரிக்குமா வர மாட்டோம்? அதைச் செஞ்சவன் ஒருத்தன், நிவேதன்னு பேரு. நல்லாப் படிச்ச பையன், இங்கிலீஷ்ல நனைஞ்சு கெடக்கான், சென்ட்டு வாசம் வேற. அவன்கிட்ட கேக்குறேன், என்னப்பா இது, ஒண்ணு கூட வாசிக்க மாட்டேங்குதேன்னு. அவன் சொல்றான், சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "மேடம், பார்வை இல்லாதவங்க தனியாவா டோக்கன் போடப் போறாங்க? கூட யாராவது இருப்பாங்கல்ல. அவங்க பண்ணிக் குடுத்துருவாங்க."

கூட யாராவது இருப்பாங்கல்லயாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்துலயே அவனை... விடுங்க. என் வாழ்க்கை பூரா நான் கேட்ட வார்த்தை அது ஒண்ணுதான் டீச்சர். பேங்க்குக்குப் போனா, கூட யாரு வந்திருக்கா. ஓட்டுப் போடப் போனா, கூட யாரு. துணிக்கடையில எனக்குச் சுடிதார் எடுக்கும்போது கடைக்காரன் எங்கக்காகிட்ட கேப்பான், இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு. நான் அங்கதான் நிப்பேன். எனக்கு வாயில்லையா? கூட ஒருத்தர் எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கணும்னா நான் எதுக்கு, அவங்களே போதுமே.

நிவேதனைக் கிழிச்சு எடுத்துட்டேன். அந்த ஆஸ்பத்திரியில ஜெயசிங்னு ஒரு நிர்வாக அதிகாரி. நல்ல மனுஷன், ஆனா எதுக்கெடுத்தாலும் "பாவம்"னுவாரு. அவர் முன்னாடியே கிழிச்சேன். ஒவ்வொண்ணாச் செய்ய வச்சேன். பட்டனுக்கெல்லாம் பேரு, படத்துக்கெல்லாம் விளக்கம், தலைப்பு எது, கட்டம் எதுன்னு குரலுக்குத் தெரியுற மாதிரி. பையன் செத்துச் சுண்ணாம்பாயிட்டான். எனக்குத் திருப்தி.

கீழ ஒரு வரி போட்டிருந்தான். "பார்வையற்றோர் டோக்கன் பெற இந்த எண்ணுக்கு அழைக்கவும்." பாத்தீங்களா கொழுப்பை. ஊருக்கெல்லாம் முன்வாசல், எங்களுக்கு மட்டும் கொல்லை வாசல். அந்த நம்பர்ல ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க, மெட்டில்டான்னு பேரு, போனை எடுத்து "சொல்லுங்க கண்ணு"ன்னு இழுத்து இழுத்துப் பேசுவாங்க. கண்ணாம். நான் ஜெயசிங் சார்கிட்ட சொன்னேன், சார், இந்த நம்பரை எடுத்துருங்க, இது இருக்கிற வரைக்கும் இவன் வெப்சைட்டை ஒழுங்காச் செய்ய மாட்டான், எல்லாத்துக்கும் நம்பர்தான் இருக்கேன்னு சொல்லுவான்னு. அவரு யோசிச்சாரு. அப்புறம் எடுத்துட்டாரு. அந்த அம்மாவை வேற எங்கயோ மாத்திட்டாங்க. என் பேச்சுக்கு அங்க அவ்வளவு மரியாதை.

இன்னொண்ணும் நடந்துச்சு, கேளுங்க. டோக்கன் போடும்போது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கணும். முடிக்கலைன்னா வெளிய தள்ளிரும், திரும்ப முதல்ல இருந்து வரணும். எடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஒருத்தன் தூங்கிட்டா மத்தவனுக்குக் கெடைக்காதுல்ல, அதுக்காக. நிவேதன் அன்னைக்கு வாலைச் சுருட்டிக்கிட்டு வந்து, "மேடம், உங்களை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் ரெண்டு மடங்கு நேரம் குடுத்துரலாமா"ன்னான். ஏன்னேன். "கேட்டுக் கேட்டுப் பண்ணணும்ல மேடம், பாவம்." ஜெயசிங் சார்கிட்ட இருந்து அந்த வியாதி இவனுக்கும் தொத்திருச்சு.

நான் சொன்னேன், தம்பி, வா, உக்காரு. நீ ஒரு டோக்கன் போடு, நான் ஒண்ணு போடுறேன். யாரு முதல்ல முடிக்கிறான்னு சார் பாக்கட்டும்னு. அந்த ஆபீஸே வந்து சுத்தி நின்னுச்சு. நர்ஸுங்க எல்லாம். நான் என் வேகத்துல குரலை ஓட விட்டேன், விரல் தானா ஓடுது. நான் முடிச்சுட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன், அவன் இன்னும் எந்தக் கண்ணுன்னு தேர்ந்தெடுத்துக்கிட்டு இருக்கான். எல்லாரும் கை தட்டினாங்க. ஜெயசிங் சார், "அப்போ கூடுதல் நேரமெல்லாம் தேவையில்லை, இருக்கிற நேரமே தாராளம்"னுட்டாரு. அதான் சார் நானும் சொல்றேன்னேன். இரக்கப்பட்டுக் குடுக்கிற நேரம் எங்களுக்கு எதுக்கு.

திறப்பு விழாவுல என்னைத்தான் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. பொன்னாடை போத்தினாங்க, நல்ல மொடமொடன்னு ஒரு சால்வை. ஒரு கேடயம் குடுத்தாங்க, அதுல பிரெயில்ல எம் பேரு போட்டிருக்காம். நான் ஆசையாத் தடவிப் பாக்குறேன், வழுவழுன்னு இருக்கு. என்னன்னு பாத்தா மேல கண்ணாடி போட்டு பிரேம் பண்ணிட்டாங்க. பிரெயிலுக்குக் கண்ணாடி. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

ஆனா வெப்சைட்டுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. இன்னைக்கும் சொல்றேன், எவன் வேணும்னாலும் வந்து டெஸ்ட் பண்ணட்டும்.

சாத்தூரா இது? வெள்ளரிக்கா வேணும்னா வாங்குங்க, எனக்கு வேண்டாம். மொளகாப்பொடியை அள்ளிப் போட்டுருவாங்க.

இப்ப எங்கக்கா வீட்டுக்கு எதுக்குப் போறேன்னா, எங்க அத்தான். எங்கக்கா பேராச்சியோட வீட்டுக்காரக. சுடலைமணின்னு பேரு, மினிபஸ் டிரைவரா இருந்தாக. கழுகுமலை ரூட்டுல போய்க் கேளுங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. இந்த டிரைவர் இருக்காரே, கியர் மாத்தும்போதெல்லாம் வண்டி விக்குது பாருங்க, அத்தான் ஓட்டினா மாத்துறதே தெரியாது. மடியில சோத்துச் சட்டி இருந்தாலும் சிந்தாது. அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சர்க்கரை. கவனிக்காம விட்டதுல எடது கண்ணு அணைஞ்சு போச்சு. வலது கண்ணுல கொஞ்சம். வெளிச்சம் தெரியும், ஆள் நிக்கிறது நெழலாத் தெரியும், கலரு தெரியும். அதைக் காப்பாத்த மாசா மாசம் கண்ணுக்குள்ள ஊசி போடணும். ஒரு தடவை கூடத் தப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஊசி போடுறது எங்க? அதே ஆஸ்பத்திரிதான்.

வண்டியை விட்டதும் ஆளு ஒடிஞ்சு போயிட்டாக. வாசல்ல உக்காந்துக்கிட்டு, ரூட்டுல போற மினிபஸ் ஹாரன் கேட்டா அழுவாக. எனக்கு எரிச்சல்தான் வரும், டீச்சர். உள்ளதைச் சொல்றேன். எனக்குப் பொறந்ததுல இருந்தே கெடையாது. நான் அழுதுக்கிட்டா இருக்கேன்? இந்த நடுவுல தொலைச்சவங்க இருக்காங்களே, இவங்க பண்ற அழிச்சாட்டியம் தாங்க முடியாது. இல்லாததை நெனச்சு நெனச்சு உருகுவாங்க, இருக்கிற காதைப் பழக்க மாட்டாங்க. கண்ணு இருந்த காலத்துல நம்மளைப் பாத்துப் பாவம்னவங்கதான இவங்க. இப்பத் தெரியட்டும்.

இருந்தாலும் அத்தான். சின்ன வயசுல என்னை டிரைவர் சீட்டுல உக்கார வச்சு ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டவுக அவுக ஒருத்தருதான். என்ஜின் ஓடிக்கிட்டிருக்கும், அந்த அதிர்வு கையில ஏறும். அதனால நான் போய் ஒரு போன் வாங்கிக் குடுத்து, குரலைப் போட்டு, எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அத்தான், இனிமே எதுக்கும் அக்காவைக் கூப்பிடக் கூடாது, உங்க வேலையை நீங்களே பண்ணணும், ஒருத்தர் கையை எதிர்பாத்தா காலத்துக்கும் எதிர்பாத்துக்கிட்டேதான் இருப்பீகன்னேன். தலையைத் தலையை ஆட்டினாக போல, நகை குலுங்குற மாதிரி மூக்குக்கண்ணாடிச் சங்கிலி குலுங்குச்சு. அந்தக் கண்ணாடியை எதுக்கு இன்னும் மாட்டிக்கிட்டு இருக்காகளோ.

வேகம்? என் வேகத்துலதான் வச்சுக் குடுத்தேன். பின்ன எப்படி? மெதுவாக் கேட்டுப் பழகினா சாகுற வரைக்கும் மெதுவாத்தான் கேப்பாக. தண்ணியில தூக்கிப் போட்டாத்தான் நீச்சல் வரும். "பிரம்மசக்தி, இது என்னமோ கரகரன்னுதான கேக்குது"ன்னாக. பழகும் அத்தான், கட்டைவண்டி ஓட்டினவுகளா நீங்கன்னு சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாக.

அப்புறம் என்னாச்சுன்னா, போன மாசம் ஊசிக்கு டோக்கன் போடணும். அதுவரைக்கும் அக்காதான் போட்டுக் குடுப்பா, அந்தத் தடவை அத்தானே போடப் பாத்திருக்காக. காலையில தெறப்பாங்க டோக்கனை, கொஞ்ச நேரத்துல தீந்துரும். இவுக உள்ள போயி, குரல் என்ன சொல்லுதுன்னு வெளங்கி, கையைத் தடவித் தடவிப் பாதி வரும்போதே நேரம் முடிஞ்சு வெளிய தள்ளிருச்சாம். மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்காக. அங்க ஒரு பொண்ணு சொல்லியிருக்கு, "சார், போன்ல டோக்கன் நிறுத்திட்டோம். பார்வை இல்லாதவங்களே ரொம்ப ஈஸியாப் போடுறாங்க சார், அவங்கள்ல ஒரு மேடமே வந்து டெஸ்ட் பண்ணி ஓகே பண்ணதுதான்." அந்த மேடம் என் கொழுந்தியாதான்மான்னு அத்தான் பெருமையாச் சொன்னாகளாம். சொல்லிட்டுப் போனை வச்சுட்டாக.

அக்காகிட்ட என்ன சொல்லியிருக்காக தெரியுமா? டோக்கன் போட்டாச்சு, தேதி அவங்களே சொல்லுவாங்கன்னு. ஏன் பொய்? என்ன கேடு? ஊசிக்கு உள்ள நாள் வந்துச்சு, போயிருச்சு.

எங்கக்காவுக்கு ஒரு பழக்கம். தெனம் காலையில குளிச்சுட்டு வந்து அத்தான் முன்னாடி நிப்பா. "இன்னைக்கு என்ன கலரு"ன்னு கேப்பா. சேலை கலரு. அவுக சொல்லுவாக. சரியாச் சொன்னா அவளுக்குக் கண்ணு இன்னும் இருக்குன்னு ஒரு நிம்மதி. எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பா வரும். கலராம். கலரு தெரிஞ்சு என்னத்தைப் பண்ண, சேலைக்கு வேண்டியது கஞ்சி போட்டிருக்கா இல்லையாங்கிறதுதான். போன வாரம் அவ எப்பவும் போல நின்னு கேட்டிருக்கா. அத்தான், "பச்சை"ன்னாக. ரொம்பத் தெளிவா, பச்சைன்னாக. அவ கட்டியிருந்தது செவப்பு. பக்கத்து வீட்டுல வச்சுக் குடுத்த புதுச் சேலை, அன்னைக்குத்தான் மடிப்பு பிரிச்சுக் கட்டியிருக்கா. அப்புறம் வெரட்டி வெரட்டிக் கேட்டதுலதான் சொல்லியிருக்காக. எட்டு நாளாவே ஒண்ணும் தெரியலையாம். பழைய சேலையெல்லாம் முந்தியைத் தொட்டுப் பாத்தே கலரைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காக. கொஞ்சுற மாதிரி பிடிச்சு இழுப்பாகளாம், துணியைத் தடவுறதுக்கு. அவளுக்கு அது தெரியாம வெக்கப்பட்டுக்கிட்டு நின்னிருக்கா.

தூக்கிக்கிட்டு ஓடியிருக்காங்க. டாக்டர் பாத்துட்டு, லேட்டுன்னுட்டாரு. இனிமே ஊசியும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம்.

எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்லை, டீச்சர். யார் மேலன்னா கேக்குறீங்க? அத்தான் மேலதான். பின்ன யார் மேல? எந்த மனுஷனாவது இப்படிப் பண்ணுவானா? பக்கத்துலதான எங்கக்கா இருந்தா. அடுப்படியிலதான இருந்தா. இந்தா புள்ள, இதைக் கொஞ்சம் போட்டுக் குடுன்னு ஒரு சத்தம் குடுத்தா அவ வந்து பண்ணிக் குடுத்திருக்க மாட்டாளா? அதுல என்ன கௌரவம் கொறைஞ்சு போச்சு? தனக்கு ஓடலைன்னா கூட இருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டியதுதான? கூட ஒரு ஆளு எதுக்குத்தான் இருக்கு?

என்ன டீச்சர்.

தப்பாச் சொல்லிட்டேனா? இல்லைல்ல. அவுகளுக்கு வெப்சைட் சரியில்லைன்னு சொல்ல வழியே கெடையாது. பட்டனுக்கெல்லாம் பேரு இருக்கு. எல்லாம் வாசிக்கும். நான் அதை ஓட்டிக் காட்டியிருக்கேன், ஒரு ஆபீஸே கை தட்டியிருக்கு. கேக்கத் தெரியாதவுகளுக்கு எதுக்கு அது? நிவேதன் கூட நேத்துப் போன் பண்ணான். எப்படியோ விஷயம் தெரிஞ்சிருக்கு. "மேடம், நேரத்தைக் கூட்டிரலாமா"ன்னான். தேவையில்லைன்னேன். அவன் போனை வச்சுட்டான்.

காலையில அத்தான் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காக. கெளம்புற அவசரத்துல கேட்டேன். ஏதோ போன் சரியில்லைன்னு பொலம்பல். நான் எந்த மெசேஜையும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேக்குறது, ஜனங்க பேசுறதுக்கு அதுக்கு மேல நேரம் குடுக்க முடியாது. நீங்களும் வேணா கேளுங்க, எவ்வளவு அப்பாவியாப் பேசுறாகன்னு. இந்தாங்க, இயர்போன்ல ஒரு பக்கத்தை உங்க காதுல வைங்க. ஒரு பக்கம் எனக்கு. பஸ்ஸுல சத்தமாப் போட்டு ஊருக்கே கேக்க விடுறதெல்லாம் எனக்குப் பிடிக்காது.

கேட்டுச்சா?

என்னது, புரியலையா? இந்த வேகமே புரியலையா? இது என் வேகத்துல பாதி கூட இல்லை. கண்ணு இருக்கிறவங்களுக்குக் காது எதுக்குத்தான் குடுத்து வச்சிருக்கோ. சரி சரி, சடைச்சுக்காதீங்க. உங்களுக்காகக் குறைக்கிறேன். பாருங்க, ஒரு விரல்தான், ஒரு தட்டு. சாதாரண வேகம். இப்பக் கேளுங்க.

"பிரம்மசக்தி... அத்தான் பேசுறேன்மா. வர்றேன்னு அக்கா சொன்னா. நல்லது. நீ வரும்போது... ஒண்ணே ஒண்ணு. அந்தப் போன்ல அந்தப் பிள்ளை பேசுற வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு வச்சுட்டுப் போ, என்ன. எங்க குறைக்கிறதுன்னு தேடினேன், அதைச் சொல்றதும் அந்தப் பிள்ளைதான், அதே வேகத்துலதான் சொல்லுது. உங்கிட்ட அப்பவே கேட்டிருக்கலாம். கட்டைவண்டின்னு சிரிப்பியோன்னு... விட்டுட்டேன். அக்காவைத் திட்டாத. அவ போட்டுத் தரவான்னு கேட்டா, நான்தான் வேண்டாம்னேன், நீ சொல்லியிருந்தீல்ல, யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு. அவ்வளவுதான்மா. பாத்து வா."

முடிஞ்சிருச்சா?

இல்லை, இருங்க. இன்னும் ஓடுது. பேசல. ஆனா வைக்கவும் இல்லை. போனை எங்க அமுக்கி நிறுத்துறதுன்னு தெரியாம கையில வச்சுக்கிட்டு இருக்காக. தள்ளி ஹாரன் கேக்குது, மினிபஸ் ஹாரன். மூச்சு விடுறாக. காலையில இது எனக்குக் கேக்கவே இல்லையே. வேகமாப் போட்டா இந்த இடமெல்லாம் சுருங்கி ஒண்ணுமில்லாமப் போயிருது.

சரி, எடுங்க காதுல இருந்து. குடுங்க.

என்னத்தப் பெரிய விஷயம். குறைச்சு வைக்க ஒரு விரல் போதும். இதைக் கேக்க இத்தனை நாளா ஒரு மனுஷனுக்கு. நான் என்ன கடிச்சா வச்சிருவேன்? சிரிச்சிருப்பேன். ஆமா, சிரிச்சிருப்பேன். சிரிச்சா என்ன. சிரிச்சுட்டுக் குறைச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?

குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சிருக்காக, பாருங்க.

டீச்சர், இது எந்த இடம்? வாசம் ஒண்ணையும் காணோமே. கோவில்பட்டி தாண்டிருச்சா? எனக்கு எப்பவும் தெரியும், இன்னைக்குப் பேச்சுல கவனிக்கல. வாயை மூடிக்கிட்டு இருக்காம சொல்லுங்க. இப்பத்தான் நுழையுதா?

அப்போ எந்திரிங்க. உங்க முழங்கையைக் குடுங்க. படிக்கட்டு வரைக்கும் போதும். நீங்க என்னைப் பிடிக்காதீங்க, நான் பிடிச்சுக்கிடுறேன். மெதுவாப் போங்க.